காசுக்கு ஆடறவன்

2010 அக்டோபரில் தில்லிக்குக் காமன்வெல்த் ஜுரம் பிடித்திருந்தது. ஆபீசில் ஒருத்தனுக்கு ஹாக்கி டிக்கெட், இன்னொருத்தனுக்கு குத்துச்சண்டை டிக்கெட். கடைசியில் எனக்குக் கிடைத்தது லான் பவுல்ஸ். அது என்ன ஆட்டம் என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. ஆனாலும் போனேன். காரணம் அப்பா.

அம்மா போன பிறகு மன்னார்குடிப் பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு அவரை என்னோடு அழைத்து வந்திருந்தேன். உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் டிரில் மாஸ்டராக இருந்தவர், மயூர் விஹாரில் மூன்றாவது மாடி பால்கனியில் உட்கார்ந்து கீழே போகிற கார்களை எண்ணிக்கொண்டிருந்தார். எங்கேயாவது வெளியே அழைத்துப் போனால் போதும் என்றிருந்தது. அந்த வாரம்தான் திறந்திருந்த வயலட் லைன் மெட்ரோவில் ஏறி நேரு ஸ்டேடியத்தில் இறங்கினோம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் ஸ்காட்லாந்து அணியில் வில்லி வுட் என்று ஒருவர் இருக்கிறார், வயது 72, இது அவருக்கு எட்டாவது காமன்வெல்த் என்றார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னைவிட ஏழு வயசு பெரியவர்டா" என்றார். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் அவரிடமிருந்து பேச்சே இல்லை.

ஆட்டம் என்னவென்றால் இதுதான். முப்பது மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு தளம். முதலில் 'ஜாக்' என்ற சின்ன வெள்ளைப் பந்தை உருட்டி விடுகிறார்கள். பிறகு ஒன்றரை கிலோ வரை எடையுள்ள பெரிய பந்துகளை மாறி மாறி உருட்ட வேண்டும். ஜாக்குக்கு மிக அருகே யாருடைய பந்து நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. நம்ம ஊர் கோலி மாதிரிதானே என்று தோன்றும். இல்லை. கோலி நேராகப் போகும். இந்தப் பந்து முழு உருண்டை கிடையாது, ஒரு பக்கம் கொஞ்சம் வேறு மாதிரி இழைத்திருப்பார்கள். வேகம் குறையக் குறைய அந்தப் பக்கமாக வளைந்துகொண்டே போகும். அதனால் ஜாக்கைக் குறி பார்த்து உருட்டினால் ஒரு காலும் போய்ச் சேராது. இலக்கை விட்டு எவ்வளவு தள்ளிப் பார்க்க வேண்டும் என்பதுதான் மொத்த வித்தையும். எதிராளியின் பந்தைத் தட்டி நகர்த்தலாம், ஜாக்கையே இடம் மாற்றலாம். இதற்குத் தோள் வலு தேவையில்லை, கண்ணும் நிதானமும் போதும். 72 வயதில் ஆட முடிவதன் ரகசியம் அதுதான்.

அன்று ராத்திரி இணையத்தில் மேய ஆரம்பித்தவன் விடிய இரண்டு மணிக்குத்தான் எழுந்தேன். தில்லியில் நாங்கள் பார்த்தது புல்தரை ஆட்டம். ஆனால் அதில் பெரிய பெயர் எடுத்தவர்களில் பலர் குளிர்காலத்தில் கூரைக்கு அடியில், கம்பளத்தின் மேல் ஆடி வளர்ந்தவர்கள். அந்த உள்ளரங்க ஆட்டத்துக்குத் தனியாக ஒரு சரித்திரம் இருக்கிறது.

அது குளிரில் பிறந்த ஆட்டம். ஸ்காட்லாந்தில் பாதி வருஷம் புல்லில் கால் வைக்க முடியாது. எடின்பரோவில் 1888 வாக்கிலேயே சிமெண்டுத் தரையில் மரத்தூளைப் பரப்பி ஆடிப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் கம்பளம் வந்தது. இங்கிலாந்தில் இந்த ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியவர் யார் தெரியுமா? நம்ம கிரிக்கெட் தாடிக்காரர் டபிள்யூ.ஜி. கிரேஸ். 1903-ல் தொடங்கிய இங்கிலீஷ் பவுலிங் அசோசியேஷனுக்கு அவர்தான் முதல் தலைவர். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் கம்பளம் விரித்து உள்ளே ஆட வைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. கிரேஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

உள்ளரங்கத்துக்கு உலகச் சாம்பியன்ஷிப் வந்தது 1979-ல்தான், ஸ்காட்லாந்தின் கோட்பிரிட்ஜில். அது வந்ததற்குக் காரணம் டி.வி.யும் சிகரெட்டும். பிரிட்டனில் டி.வி.யில் சிகரெட் விளம்பரம் 1965-லேயே தடையாகிவிட்டது. அதன் பிறகு சிகரெட் கம்பெனிகள் விளையாட்டுப் போட்டிகளுக்குப் பணம் கொடுத்துத் திரையில் பெயரைக் காட்டின. உள்ளரங்க பவுல்ஸுக்கு வந்தது எம்பசி. மழை கிடையாது, காற்று கிடையாது, ஒரே ஒரு தளம், நாலு காமிரா இருந்தால் போதும். டி.வி.க்கென்றே செய்த மாதிரி ஆட்டம்.

அதற்கேற்ற நாயகனும் தயாராக இருந்தார். டேவிட் பிரையன்ட். 1931-ல் இங்கிலாந்தின் கிளீவ்டனில் பிறந்தவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். புல்தரையில் 1966-ல் நடந்த முதல் உலகச் சாம்பியன்ஷிப்பை ஜெயித்தவர். காமன்வெல்த் ஒற்றையரில் 1962, 1970, 1974, 1978 என்று நாலு தங்கம். (1966-ல் பவுல்ஸ் போட்டியிலேயே இல்லை, இருந்திருந்தால் ஐந்தோ என்னவோ!) வாயில் பைப், தரையோடு தரையாகக் குந்தி உட்கார்ந்து எழும்பி உருட்டுகிற ஒரு தனி பாணி. உள்ளரங்க உலகப் பட்டத்தின் முதல் மூன்று வருஷமும், 1979, 80, 81, அவருக்கே. பிறகு 1986-ல் உலக உள்ளரங்க இரட்டையர் தொடங்கியபோது தன்னைவிட 24 வயது இளையவரான டோனி ஆல்காக்கோடு சேர்ந்து அதையும் ஜெயித்தார். அந்த ஜோடி மொத்தம் ஆறு முறை ஜெயித்தது. கடைசித் தடவை, 1992-ல், பிரையன்டுக்கு வயது அறுபது. 2020-ல் தமது 88-வது வயதில் காலமானார்.

ஆல்காக் தனியாக 1986, 87 என இரண்டு ஒற்றையர் பட்டம் வாங்கி, பதினைந்து வருஷம் கழித்து 2002-ல் மூன்றாவதும் வாங்கினார். எடின்பரோவில் தபால்காரராக இருந்த ரிச்சர்ட் கார்சி 1989, 91, 93-ல் ஜெயித்தார். 1992-ல் ஆஸ்திரேலியாவின் இயான் ஷூபேக், மற்றபடி பெரும்பாலும் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் வேல்ஸும்தான். பெண்களுக்கு 1988-ல் தனிச் சாம்பியன்ஷிப் வந்தது. முதல் பட்டம் வட அயர்லாந்தின் மார்கரெட் ஜான்ஸ்டனுக்கு.

போட்டி இடம் மாறி மாறிப் போனது. கோட்பிரிட்ஜ், லண்டன் அலெக்சாண்டிரா பேலஸ், பிரெஸ்டன் கில்ட் ஹால். 1999 முதல் நார்ஃபோக் கடற்கரையில் ஹாப்டன் என்ற ஊரில் உள்ள பாட்டர்ஸ் என்கிற விடுமுறை விடுதியில். ஜனவரி மாதம், கடற்கரையில் ஈ காக்கை இருக்காது. அறை எடுத்துத் தங்கி, மூன்று வேளை சாப்பிட்டு, ஆட்டமும் பார்க்கலாம். பச்சைக் கம்பளம் நீலமாயிற்று, 21 புள்ளி வரை ஆடிய நீண்ட ஆட்டம் இரண்டு செட்டும் ஒரு டை-பிரேக்கும் ஆகச் சுருங்கிற்று. எல்லாம் டி.வி.க்காக. அந்த நீலக் கம்பளத்தின் ராஜாக்கள் இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள். ஆறு தடவை ஜெயித்த அலெக்ஸ் மார்ஷல், 1998-க்கும் 2017-க்கும் நடுவே ஐந்து தடவை ஜெயித்த பால் ஃபாஸ்டர். ஆண்டி தாம்ஸன் 1994, 95-ல் ஜெயித்துவிட்டு 2012-ல் 56 வயதில் திரும்பவும் ஜெயித்தார். வேறு எந்தத் தொழிலில் 56 வயதுக்காரனை உச்சியில் விட்டு வைக்கிறார்கள், சொல்லுங்கள். என் கம்பெனியில் நாற்பத்தைந்திலேயே ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

சரி, இதெல்லாம் பட்டியல். எனக்கு உறுத்தியது வேறு.

வில்லி வுட்டின் கணக்கைப் பார்த்தேன். 1974, 78, 82, அப்புறம் 90, 94, 98, 2002, 2010. நடுவில் 1986 எங்கே? 1982-ல் பிரிஸ்பேனில் ஒற்றையர் தங்கம் வாங்கியவர். 1986 போட்டி நடந்ததோ எடின்பரோவில். அவர் ஊர் கிஃபர்ட் அதற்குப் பக்கத்தில்தான். சொந்த வாசலில் நடக்கும் கல்யாணத்துக்குப் போகாதவன் உண்டா?

போக விடவில்லை. பரிசுப் பணம் வாங்குகிற தொழில்முறை ஆட்டக்காரர் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். காமன்வெல்த் போட்டிகள் அப்போது அமெச்சூர்களுக்கு மட்டும்.

வுட் மோட்டார் மெக்கானிக். இந்த ஆட்டத்தில் 'தொழில்முறை' என்றால் கால்பந்துக்காரன் மாதிரி பங்களாவும் காரும் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய போட்டிகள் வருஷத்துக்குச் சில, அதுவும் பெரும்பாலும் பிரிட்டனின் குளிர்கால மாதங்களில். மெக்கானிக், தபால்காரர், வாத்தியார் என்று வேலை பார்த்துக்கொண்டு வந்தவர்கள்தான் இதில் கொடி நாட்டியிருக்கிறார்கள். லீவு போட்டு, பஸ் சார்ஜ் கொடுத்து ஆடப் போகிறவன், ஜெயித்தால் கிடைக்கிற பணத்தை வாங்கக் கூடாது என்றால் என்ன நியாயம்?

இப்போது கிரேஸைக் கூப்பிடுவோம். அவர் டாக்டர். கிரிக்கெட்டில் கடைசி வரை அமெச்சூர். ஆனால் பயணச் செலவு, நன்கொடை, உதவி நிதி என்று பல வழிகளில், சம்பளத்துக்கு ஆடிய தொழில்முறைக்காரர்களைவிட அதிகமாகவே சம்பாதித்தவர். அவரை யாரும் தள்ளி வைக்கவில்லை. 'கனவான்' பட்டியலில்தான் வைத்தார்கள். அமெச்சூர் என்ற சொல்லுக்கு 'ஆட்டத்தை நேசிப்பவன்' என்று அகராதியில் போட்டிருக்கிறது. நடைமுறையில் அதன் அர்த்தம், காசு இருக்கிறவனுக்குத்தான் காசு வேண்டாம் என்று சொல்ல வசதிப்படும் என்பதுதான்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது வுட் கதையை அப்பாவிடம் சொன்னேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்.

1967-ல் அவருக்கு 22 வயது. சடுகுடுவில் எங்கள் பக்கத்தில் பெயர் பெற்ற ஆள். மாவட்ட அணிக்கு எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அந்தச் சித்திரையில் பக்கத்துக் கிராமத்துத் திருவிழாப் போட்டிக்கு அவர்கள் அணியில் ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனார், ஜெயித்தார்கள், கையில் பதினைந்து ரூபாய் கொடுத்தார்கள். தாத்தா படுத்த படுக்கையாக இருந்த சமயம். வாங்கிக்கொண்டார். தேர்வு நாளன்று பட்டியலில் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம், "அவன் காசுக்கு ஆடறவன்யா."

"நீங்க இதை எங்ககிட்ட சொன்னதே இல்லையேப்பா?"

"என்னத்த சொல்றது. காசு வாங்கினது நிஜம்தானே. நாப்பது வருஷமா தப்பு என் மேலதான்னு நெனச்சிண்டிருந்தேன்டா."

வுட்டுக்குத் தள்ளி வைத்ததோடு கதை முடியவில்லை. விதிகள் தளர்ந்தன. 1990-ல் ஆக்லாந்தில் திரும்ப வந்து நால்வர் ஆட்டத்தில் தங்கம் வாங்கினார். அதற்கு இருபது வருஷம் கழித்து எங்கள் தில்லிக்கும் வந்தார். தில்லியில் ஆண்கள் ஒற்றையர் தங்கம் வேல்ஸின் ராபர்ட் வீலுக்குக் கிடைத்தது. அவர் 2000-ல் உள்ளரங்க உலகப் பட்டம் வென்றவர், அதாவது பரிசுப் பணத்துக்கு ஆடியவர். 1986-ல் கதவைச் சாத்தினார்கள். 2010-ல் அதே மாதிரி ஆளுக்குக் கழுத்தில் மாலை. மார்ஷலும் அப்படித்தான். உள்ளரங்கத்தின் பெரிய தொழில்முறைக்காரர், காமன்வெல்த்தில் 2002 முதல் 2018 வரை ஐந்து தங்கம். ஆட்டம் இதனால் ஒன்றும் கெட்டுப் போய்விடவில்லை. அப்பாவின் சடுகுடுவும் கபடி என்று பெயர் மாறி, 2014-ல் லீக் வந்து, ஏலத்தில் ஆள் எடுக்கிறார்கள். காசுக்கு ஆடுகிறவன் என்பது இப்போது வசவு இல்லை, வேலை.

2022 ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த். லான் பவுல்ஸ் பெண்கள் நால்வர் இறுதியில் நம்மவர்கள் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார்கள். இந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு முதல் பதக்கமே அதுதான். லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்க்கி. ஒருவர் ஜார்க்கண்ட் போலீஸில் கான்ஸ்டபிள். பிங்கி இதே தில்லியில், ஆர்.கே. புரத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. 2010 போட்டிக்குப் பயிற்சித் தளம் அந்தப் பள்ளியில்தான் போட்டிருந்தார்கள். அப்படித்தான் ஆட்டம் அவருக்கு அறிமுகமானது.

அப்பா அப்போது ஊரில் இருந்தார். (தில்லிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டாவது வருஷமே திரும்பிப் போய்விட்டார்.) அன்று சாயங்காலம் போன்.

"பாத்தியாடா?"

"பாத்தேம்ப்பா."

"அந்தப் பொண்ணு டிரில் டீச்சராம்டா. பேப்பர்காரன் வந்து வீட்ல போட்டோ எடுத்திருப்பான் இல்ல?"

எடுத்திருப்பான் என்றேன். சர்க்கார் ஏதாவது பணம் கொடுக்குமா என்று கேட்டார். கொடுப்பார்கள் என்றேன்.

"வாங்கிக்கச் சொல்லு" என்றார், ஏதோ அந்தப் பெண் எனக்குப் பக்கத்து வீடு மாதிரி. "கூச்சப்படாம வாங்கிக்கச் சொல்லு."