வீட்டுக்குள் மறைந்திருந்த மறதி

1965 டிசம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அந்த ஆண்டு இருபது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது எண்பது வயதாவது இருக்கும். விமானப்படை நிலையத்தை ஒட்டிய முத்தாபுதுப்பேட்டை, பட்டாபிராம், திருமுல்லைவாயில் எனச் சுற்றுவட்டாரம் முழுக்க டாங்கித் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை, விமானப்படை ஆகியவற்றின் சம்பளத்தோடு வளர்ந்தது. ஏறக்குறைய ஒரே காலத்தில் வேலைக்கு வந்த தலைமுறை, ஏறக்குறைய ஒரே காலத்தில் மூப்படைகிறது.

பென்ஷன் பாஸ்புக்கை எங்கே வைத்தோம் என்று தேடுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, பழகிய கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பது. இதெல்லாம் எந்த வீட்டிலும் நடக்கும். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று வீட்டார் அதை அத்தோடு விட்டுவிடுவார்கள். அந்தப் பதிலோடு நின்றுவிடாமல் மேலே கேட்க, தமிழ்நாட்டு மருத்துவம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைத்திருக்கிறது.

ஜெர்மனியில் அலோய்ஸ் அல்சைமர் தன் நோயாளியான அகஸ்டே டீட்டரைப் பற்றி மருத்துவர் கூட்டத்தில் பேசியது 1906இல். நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது 1910இல். ஆனால் நெடுங்காலம் அது நடுவயதில் வரும் அபூர்வ நோயாகவே கருதப்பட்டது. முதுமையில் வரும் மறதி முதுமையின் கணக்கில் போனது. மதராசிலும் நிலைமை அதுதான்.

1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென ஒரு புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதல். 1988இல் முதியோருக்கான படுக்கைப் பிரிவு வந்தது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதிலும் நாட்டில் அதுதான் முன்னோடி. 2012இல் நடராஜனுக்கு பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

முதியோர் மருத்துவம் ஒருவரை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. மறதி என்று வருபவருக்குத் தைராய்டு குறைந்திருக்கலாம், பி12 வைட்டமின் குறைந்திருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம், காது மந்தமாகியிருக்கலாம், நாலு டாக்டர்கள் தனித்தனியாக எழுதிய மாத்திரைகள் ஒன்றோடொன்று மோதலாம். ஒவ்வொருவரின் மறதிக்கும் பின்னால் இருக்கும் காரணம் வேறு. தனிநபருக்கேற்ற சிகிச்சை என்று இன்று உலகம் பேசுவதன் அடிப்படை வேலை இதுதான். கூட்டம் நிறைந்த ஒரு அரசு மருத்துவமனையிலேயே அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது என்பதைச் சென்னை பெருமையோடு நினைக்கலாம்.

மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பார்த்தாயிற்று. வராதவர்கள் எத்தனை பேர்? 1990களில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூரில் வீடு வீடாக நடத்திய ஆய்வில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருப்பது தெரிந்தது. 1998இல் கொச்சியில் நடந்த மாநாட்டில் ஒரு புது ஆய்வுக் குழு பிறந்தது. உலகின் டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் வாழ, மக்களிடையே நடக்கும் ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்ற கணக்கையே அது தன் பெயராக்கிக்கொண்டது: 10/66.

அந்தக் குழு சென்னை நகரிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் 65 வயதைத் தாண்டியவர்களைச் சந்தித்தது. முடிவுகள் 2008இல் 'லான்செட்' இதழில் வெளியாயின. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வரையறைப்படி கணக்கிட்டபோது, இந்தியக் கிராமப்புறத்தில் டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம். கியூபாவில் அதே அளவுகோல் 6.3 சதவீதம் காட்டியது. நம் கிராமத்தவர்களுக்கு மூளை தேய்வதே இல்லையா? 10/66 குழு தானே வடிவமைத்த முறையில் கணக்கிட்டபோது எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்து, மற்ற நாடுகளின் அளவை நெருங்கியது.

வித்தியாசம் வீட்டுக்குள் இருந்தது. அமெரிக்க வரையறைக்கு, மறதியால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டதாக உடனிருப்பவர் சொல்ல வேண்டும். நம் வீட்டில் அப்பா பேங்குக்குப் போக முடியாவிட்டால் மகன் போகிறான். மாமியார் உப்பை இரண்டு முறை போட்டால் மருமகள் அடுப்படியைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறாள். அன்பும் மரியாதையும் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகின்றன. எனவே "பாதிப்பு ஏதும் உண்டா?" என்று ஆய்வாளர் கேட்டால், "ஒண்ணுமில்லைங்க, நல்லாத்தான் இருக்காங்க" என்பதே பதில். அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் நோயின் தொடக்க நிலை அங்கேதான் கண்ணில் படாமல் தவறிப்போகிறது.

கேள்விகளிலும் சிக்கல் இருந்தது. ஒரு வாக்கியம் எழுதுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று கேட்கும் சோதனை, பள்ளிக்கே போகாத பாட்டியை நோயாளி என்று காட்டிவிடும். ஹரியானாவின் பல்லப்கரில் மேரி கங்குலியும் சகாக்களும் எழுத்தறியாத முதியோருக்கென அந்தச் சோதனையை இந்தியில் மாற்றி 1995இல் வெளியிட்டார்கள். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது. இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது, பள்ளிப் படிப்பே இல்லாதவர்களிடமும்கூட. மொழிதான் காரணமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், வேலையில் இந்தி என்று வாழ்நாளெல்லாம் பேசிய ஆவடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது மனதுக்கு நெருக்கமான செய்தி.

வாழ்க்கை முறையை மாற்றி நோயைத் தள்ளிப்போடுவது சென்னைக்குப் புதிய யோசனை அல்ல. அந்த வரலாறு சர்க்கரை நோயிலிருந்து வருகிறது. 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. உணவையும் நடையையும் மாற்றியதாலேயே நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. இதையே மறதிக்குப் பரிசோதித்தது பின்லாந்து. மீயா கிவிபெல்டோ தலைமையிலான 'ஃபிங்கர்' ஆய்வில் 60 முதல் 77 வயதுவரையான 1260 பேர் இரண்டு ஆண்டுகள் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பாதிக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு நான்கும் சேர்த்துத் தரப்பட்டன. அவர்களின் மனத்திறன் மற்றவர்களைவிட மேம்பட்டதை 2015இல் வெளியான முடிவு காட்டியது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு எல்லையும் உண்டு. அமெரிக்காவின் டேல் பிரெடெசன் 2014இல் பத்தே நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உணவு, தூக்கம், வைட்டமின், ஹார்மோன் திட்டம் வகுத்து மறதியையே திருப்பிவிட்டதாக அதில் சொன்னார். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவே அதில் கிடையாது. அந்தப் பெயரில் விலை போகும் திட்டங்களைப் பற்றி நரம்பியல் மருத்துவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அப்பாவின் மறதி மாறும் என்ற ஆசையில் சேமிப்பைக் கரைக்கும் குடும்பத்தை நினைத்தால், அந்த எச்சரிக்கையை உரக்கவே சொல்லத் தோன்றுகிறது.

உறுதியாகத் தெரிந்த விஷயங்கள் எளியவை. 2024இல் 'லான்செட்' ஆணையம் பட்டியலிட்ட 14 காரணங்களில் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை, படிப்பின்மை, காது கேளாமை ஆகியவை உண்டு. அந்த 14ஐயும் சரிசெய்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் மதிப்பீடு. இரும்பு அடிக்கும் சத்தத்தில் ஆயுளைக் கழித்த தொழிலாளர்கள் வாழும் பகுதியில் காது கேளாமைக்குத் தனிக் கவனம் வேண்டும். காது கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். ஒதுங்குகிறவரைப் 'பெரியவர் அமைதியானவர்' என்று வீடு விட்டுவிடுகிறது.

சென்னையில் கேட்பதற்கும் கவனிப்பதற்கும் இப்போது இடங்கள் உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், பிரிட்டனில் உருவான குழுப் பேச்சு-விளையாட்டுச் சிகிச்சையைத் தமிழர்களுக்கேற்ப மாற்றி முன்னோட்டமாகச் சோதித்து, முடிவை 2017இல் வெளியிட்டது. கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024இல் திறக்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வாசலில் பிரஷர் பார்க்கும் பெண், பெரியவரிடம் மட்டும் பேசாமல் மருமகளிடமும் இரண்டு கேள்வி கேட்கலாம்: போன வருஷம் தனியாகச் செய்த வேலைகளை இப்போதும் தானே செய்கிறாரா? செய்யாவிட்டால், அதை யார் கையில் எடுத்துக்கொண்டார்கள்? வேலூர் கிராமங்களில் எண்ணிக்கையை 0.3 சதவீதத்தில் நிறுத்திவைத்த இடைவெளி அந்த இரண்டாம் கேள்வியில் வெளிப்படும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும்.