சைதைப் பண்ணையும் சேரிமகன் காணியும்

தாம்பரத்திலிருந்து மின்தொடர் வண்டியில் சென்னை செல்வோர், கிண்டியைக் கடந்து அடையாற்றைத் தாண்டியதும் சைதாப்பேட்டையைக் காண்பர். உழவனுக்கு உழவு கற்பிக்கவென்றே ஒரு காட்சிக்களம் அங்கிருந்தது என்று சொன்னால் இன்று நம்புவார் அரியர்.

1860-களில் சென்னை ஆளுநராயிருந்த சர் வில்லியம் டெனிசன் பொறியியல் பயின்ற படைவீரர். பொறி வந்தால் விளைச்சல் பெருகும் என்பது அவர் எண்ணம். நீராவிக் கலப்பையும், விதைக்கும் கருவியும், கதிரடிக்கும் பொறியும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தன. அவற்றை ஓட்டிக்காட்டச் சைதாப்பேட்டையில் ஏறத்தாழ 350 ஏக்கரில் சோதனைப் பண்ணை எழுந்தது. பின்னர் ராபர்ட்சன் என்பார் அதன் பொறுப்பேற்றார். 1876-இல் வேளாண் கல்விக்கூடமும் அமைந்தது.

அந்த 1876 எத்தகைய ஆண்டு? தாது வருடப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு! பண்ணையில் பாடம் நடந்தது. ஊர்ப்புறத்தில் பிணம் விழுந்தது. 1877 சனவரி முதல் நாள் லிட்டன் பிரபு டில்லியில் தர்பார்க் கோலாகலம் நடத்தினார். நாள் முழுதும் மண் சுமந்த ஆண்மகனுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதுமென்று ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். உயிர் தரிக்க அது போதாது என வாதிட்டவர் மருத்துவர் கார்னிஷ். அவரும் வெள்ளையரே என்பதை மறைப்பது நேர்மையன்று.

உழவன் அறிவிலி என்ற கூற்றும் நிலைக்கவில்லை. இங்கிலாந்து அரச வேளாண் கழகத்தின் வேதியியல் அறிஞர் வோல்கர் நாடெங்கும் சுற்றி, 1893-இல் அறிக்கை வெளியிட்டார். சிறந்த இந்திய உழவன் சராசரி ஆங்கில உழவனுக்குச் சளைத்தவனல்லன். சிலவற்றில் மேம்பட்டவன் என்பது அவர் தீர்ப்பு.

அப்படியானால் குறை எங்கே? கலப்பையிலா, காணியிலா?

இரும்பு முனைக் கலப்பை மண்ணையும் அதிலுள்ள உயிரையும் வருத்தும். ஆகவே சான்றோர் உழவைப் பழிப்பர் என்கிறது மனுநூல். விளைந்த சோற்றைப் பழித்ததாகத் தெரியவில்லை! செங்கற்பட்டு மாவட்டத்தில் மிராசு முறை வேரூன்றியிருந்தது. தரிசு நிலத்திலும் மிராசுதாருக்கே முதலுரிமை. மிராசுதார் பார்ப்பனர் மட்டுமல்லர், வேளாளரும் உண்டு. நம்மவர் என்பதற்காக அவரை விட்டுவிடலாமா? ஆதிதிராவிடர் குடிசை நின்ற மனைகூடப் பல ஊர்களில் அவர் பிடியில். நிமிர்ந்து ஒரு சொல் கேட்டால் குடிசை போகும்.

இதைத் தாளில் எழுதியவர் மாவட்ட ஆட்சியர் டிரெமென்கீர். செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் அன்று சைதாப்பேட்டையிலேயே இருந்தது. நீராவிக் கலப்பையைக் காட்டிய அதே ஊரிலிருந்துதான், உழுபவனுக்கு நிலமில்லை என்ற அறிக்கையும் புறப்பட்டது. அதன் விளைவு 1892-ஆம் ஆண்டின் அரசாணை. ஒடுக்கப்பட்டோர்க்கெனத் தரிசு நிலம் ஒதுக்கப்பட்டது. பிற வகுப்பார்க்கு அதை விற்கலாகாது என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என நாம் சொல்வது இதனையே. மாகாணமெங்கும் 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு.

கல்விக்கூடம் 1906-இல் கோவைக்குப் பெயர்ந்து கல்லூரியாய் வளர்ந்தது. 1971-இல் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஆயிற்று. பஞ்சமி நிலமோ நிபந்தனையை மீறிக் கைமாறிக்கொண்டே இருந்தது. அதை மீட்கச் செங்கற்பட்டில் திரண்டோர்மீது 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டது. இருவர் மாண்டனர்.