நெய்தற் கரையில் குறிஞ்சிப் பண்

இயற்கை இசைக்கு ஊற்று என்பது எல்லா நாட்டாருக்கும் உடன்பாடான கருத்து. ஆயின் அவ்வியற்கையை இசைக்குள் கொணரும் நெறி நாட்டுக்கு நாடு வேறுபடும். 1808இல் வியன்னாவில் அரங்கேறிய பீத்தோவனின் ஆறாம் சிம்பொனி, ஓடையையும் இடிமழையையும் கருவிகளின் ஒலியாலேயே காட்டியது. 1905இல் பாரிசில் அரங்கேறிய தெபுசியின் 'கடல்' அலையையும் காற்றையும் பல்லியத்தில் எழுப்பியது. தமிழர் கண்ட நெறி பிறிது. தொல்காப்பியம் யாழை நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தது. மலைக்குக் குறிஞ்சிப் பண், கடற்கரைக்குச் செவ்வழிப் பண் எனப் பின்வந்த இலக்கணத்தார் வகுத்தனர்.

இவ்வரலாற்றில், காசிமேடு முதல் திருவொற்றியூர் வரை நீளும் கரைக்குத் தனியிடம் உண்டு. தேவார மூவரும் ஒற்றியூரைப் பாடினர். சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சூளுரைத்த சுந்தரர், அது தவறி ஊரெல்லை கடந்தபோது கண்ணொளி இழந்தார் என்பது பெரியபுராணச் செய்தி. அவருடைய ஒற்றியூர்ப் பதிகங்களுள் ஒன்று, கரை மோதும் அலையைத் திரும்பத் திரும்ப முன்னிறுத்துகிறது. அதன் பண்ணோ குறிஞ்சி! நிலத்துக்கும் பண்ணுக்கும் இருந்த பழைய பிணைப்பு தேவார காலத்தில் தளர்ந்துவிட்டதை இது காட்டும். கடல் பண்ணை விட்டு நீங்கிச் சொல்லில் தங்கிற்று. 19ஆம் நூற்றாண்டில் வீணை குப்பையரின் அழைப்பை ஏற்று இவ்வூருக்கு வந்த தியாகராசர், திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். அவற்றில் முதன்மை பெற்றது அம்மையே, கடலன்று.

கடலின் தாளத்தை இசையில் விடாது காத்தவர்கள் மீனவர்களே. வலை இழுக்கவும் கட்டுமரம் தள்ளவும் ஒருவர் 'ஏலேலோ' என எடுக்க, ஏனையோர் 'ஐலசா' என ஏற்பர். பல கைகளின் விசை ஒரே நொடியில் கூடுவதற்குப் பிறந்த பாட்டு அது. விசைப்படகும் இயந்திரமும் வந்தபின் அதன் தேவை குறைந்தது.

கரையும் மாறியது. 1875இல் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கியபின், வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே கடல் நிலத்தை அரித்தது. மணலில் தவழ்ந்த அலை, இன்று பல இடங்களில் கருங்கல் அரணில் மோதுகிறது.

சுந்தரரின் கடலை ஏடும் ஓதுவார் நாவும் காத்தன. ஐலசாவைக் காத்தது உழைப்பு ஒன்றே. உழைப்பின் முறை மாறிய பின்னர் அதைக் காப்பது யார் கடன் என்பதே வடசென்னை இசைவரலாற்றின் முன் நிற்கும் வினா.