மாராவின் மரணம்: ஓர் ஓவியம் காட்டியதும் மறைத்ததும்

மக்கள் போற்றிய ஒருவர் இறந்தவிடத்துத் துக்கம் எழுவது இயல்பே. ஆயின் அத்துக்கம் எவ்வடிவு பெறவேண்டும் என்பதைப் பல வேளைகளில் அரசியலே தீர்மானிக்கின்றது. 1793இல் ஷாக் லூயி டாவிட் தீட்டிய 'மாராவின் மரணம்' இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

'மக்களின் நண்பன்' என்னும் பத்திரிகையை நடத்திய ஷான் போல் மாரா, பாரிசின் ஏழை மக்களிடையே பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தார். தோல்நோயின் வேதனை தணியக் குளியற்றொட்டியில் அமர்ந்தே பணியாற்றிய அவரை, 1793 யூலை 13ஆந் திகதி சார்லொட் கோர்டே என்ற இளம்பெண் கத்தியாற் குத்திக் கொன்றாள். அவரது உருவை ஓவியத்தில் நிலைநிறுத்துமாறு, தேசியப் பேரவையின் உறுப்பினராகவிருந்த டாவிட் அப்பேரவையிலேயே வேண்டப்பட்டார்.

ஓவியத்தில் மாராவின் வலக்கரம் எழுதுகோலுடன் தொட்டிக்கு வெளியே சாய்ந்து தொங்குகின்றது. இக்கோலம் சிலுவையினின்று இறக்கப்பட்ட கிறிஸ்துவை நினைவூட்டுவது. திருச்சபையின் ஆதிக்கத்தை ஒழிக்க முற்பட்ட புரட்சி, தன் தியாகியைப் போற்ற அத்திருச்சபையின் கலைமரபையே நாடியமை நோக்கற்பாலது.

ஓவியர் தவிர்த்தவையும் மாற்றியவையும் இன்னும் முக்கியமானவை. உடலில் நோயின் சுவடு இல்லை. கோடை வெப்பத்தில் உண்மையுடல் விரைந்து சிதைந்தது. ஓவியத்திலோ அது பளிங்குபோல் விளங்குகின்றது. கொலையாளியும் இல்லை, அவளது கத்தி மட்டும் தரையிற் கிடக்கின்றது. புரட்சியின் எதிரிகளைக் காட்டிக்கொடுப்பதாகக் கூறியே கோர்டே உள்ளே நுழைந்தாள். ஆனால் மாராவின் கையிலுள்ள கடிதம், துயருற்ற பெண்ணொருத்தியின் இரங்கற் கோரிக்கையாகவே காணப்படுகின்றது. போரிற் கணவனை இழந்த, ஐந்து பிள்ளைகளின் தாய்க்கு வழங்கவென ஒரு காசுத்தாளும் பெட்டிமீது வைக்கப்பட்டுள்ளது. இவற்றால் மாரா தம் இரக்கத்திற்கே பலியானவராகின்றார். எதிரிகளின் தலைகளைக் கோரி அதே எழுதுகோல் எழுதியவை பார்வையாளர் நினைவிலிருந்து அகன்றுவிடுகின்றன.

இத்துக்கம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1794இல் ரோபெஸ்பியர் வீழ்ந்ததும் டாவிட் சிறைப்பட்டார். அவ்வாண்டிலேயே பந்தியனில் வைக்கப்பட்ட மாராவின் எச்சங்கள் 1795இல் அங்கிருந்து அகற்றப்பட்டன. பேரவையை அலங்கரித்த ஓவியமும் ஓவியரிடமே திரும்பியது. இன்று அது பிரசல்ஸ் அரச நுண்கலை அரும்பொருட்சாலையில் உள்ளது.

எனவே இவ்வோவியத்தை மாராவின் இறப்புக்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. அவ்விறப்பை மக்கள் எவ்வாறு நினைவுகூர வேண்டுமெனப் புரட்சியின் தலைமை விரும்பியது என்பதற்கே அது சான்றாகும். கண்ணீரின் உண்மையை ஐயுறவேண்டியதில்லை. ஆயின் அது எவற்றைக் காணவிடாது மறைத்தது என்பதையும் வினவுவதே வரலாற்று மாணவர் கடனாகும்.