பாகூர், வில்லியனூரில் மேல்நிலை உயிரியல்: பாட ஆண்டு வகுக்கப்பட்ட வரலாறு

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் அரசுப் பள்ளிகளில் உயிரியலை எந்த நூலிலிருந்து நடத்துவது என்பது அந்த ஊர்களில் முடிவானதே இல்லை. முதலில் பாரிஸ், பிறகு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்னை, 2023 முதல் டெல்லி என முடிவெடுக்கும் இடம் மாறிக்கொண்டே வந்தது. எந்தப் பாடத்தை எந்த மாதம் எடுப்பது, எதை மழைக்கு முன் முடிப்பது, எதைத் திருப்புதலுக்கு விடுவது என்பதுதான் உள்ளூர் ஆசிரியரின் கையில் எஞ்சியது. அதிலும் ஒரு பெரும் பங்கைத் தேர்வு எடுத்துக்கொண்டது.

இதற்கு விலக்காகச் சொல்லக்கூடியது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய செய்தி. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டில் வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களின் வருவாய் பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு வழங்கப்பட்டதைப் பதிவு செய்கின்றன. அங்கே கற்பிக்கப்பட்டது பதினான்கு வித்தைகள். வேதம் நான்கு, வேதாங்கம் ஆறு, மீமாம்சை, நியாயம், புராணம், தர்மசாஸ்திரம் என்பது அவற்றின் வழக்கமான பட்டியல். ஆயுர்வேதம் அதில் இடம்பெறாது. பதினெட்டு என்று நீட்டி எண்ணும்போதுதான் சேரும். ஆகவே பாகூரின் பழைய கல்லூரியை உயிரியலின் முன்னோடியாகக் காட்ட முடியாது. ஊர் வருவாயில் நடந்த உயர்கல்வி நிலையம் ஒன்று இங்கே இருந்தது என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே முறை.

பிரெஞ்சு ஆட்சியில் மேல்படிப்பு புதுச்சேரி நகரத்துக்குள் ஒடுங்கியது. இன்று பிரெஞ்சு லிசே என்று அறியப்படும் பள்ளி 1826இல் தொடங்கப்பட்டது. நகரின் தாவரவியல் பூங்காவும் அதே ஆண்டைச் சேர்ந்தது. 1877இல் கல்வே கல்லூரி வந்தது. கொம்யூன் கிராமங்களில் கிடைத்தது தொடக்கக் கல்விதான். பாகூர்ப் பையன் ஒருவன் பிரெஞ்சுப் பள்ளி இறுதித் தேர்வான பாக்கலோரேயா வரை போக வேண்டுமானால் நகரத்தில் தங்கிப் படிக்க வேண்டும், அதுவும் பிரெஞ்சில். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு முடிந்த பிறகு, புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குள் வந்தன. மாஹே கேரளத்தையும் ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றின. ஒரே யூனியன் பிரதேசம், மூன்று மாநிலங்களின் பாடநூல்கள் என்ற விநோத ஏற்பாடு இப்படித்தான் நிலைபெற்றது.

அப்போதும் உயிரியலில் ஆழமான படிப்பு கிராமத்துக்கு வந்துவிடவில்லை. பள்ளி இறுதித் தேர்வுக்குப் பின் ஓராண்டு புகுமுக வகுப்பு. அது கல்லூரியில் நடந்தது. 1961இல் தொடங்கிய தாகூர் கலைக் கல்லூரியும் 1968இல் பெண்களுக்காகத் தொடங்கிய பாரதிதாசன் கல்லூரியும் நகரப் பக்கத்தில் இருந்தன. பழைய பிரெஞ்சு மருத்துவப் பள்ளி 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் ஜிப்மர் ஆனது. மருத்துவம் படிக்க நாடே தேடி வரும் இடம் பத்து, இருபது கிலோமீட்டரில் இருந்தும், அதற்கான அடிப்படைப் பாடத்தைச் சொல்லித்தரும் வகுப்பு வில்லியனூரிலோ பாகூரிலோ இல்லாத காலம் அது.

1978இல் தமிழ்நாடு மேல்நிலைக் கல்வியைக் கொண்டுவந்தது. புகுமுக வகுப்பு மறைந்து, பதினொன்றும் பன்னிரண்டும் பள்ளிக்குள் வந்தன. முதல் அணி 1980 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியது. கொம்யூன்களைப் பொறுத்தவரை இதுவே மிகப் பெரிய மாற்றம். உயர்நிலைப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மேல்நிலைப் பள்ளிகளாக உயர, அறிவியல் பிரிவு ஊர்ப் பக்கம் வந்தது. நுண்ணோக்கி, ஃபார்மலின் குடுவைகள், ரெக்கார்டு நோட்டு, அதற்கு அட்டை போடும் காக்கித் தாள் எல்லாம் பின்னால் வந்தன. பாடமும் இரண்டாகப் பிரிந்தது. தாவரவியல் நூல் ஒன்று, விலங்கியல் நூல் ஒன்று; பெரும்பாலும் ஆசிரியரும் இருவர். எனவே ஆண்டுத் திட்டமும் ஒன்றாக இல்லாமல் இரண்டாகவே எழுதப்பட்டது.

இந்தக் காலத்தின் நடைமுறையை நன்றாகக் காட்டுவது 2000களின் நடுவில் வந்து பத்தாண்டுக்கு மேல் புழங்கிய பன்னிரண்டாம் வகுப்பு நூல்கள். தாவரவியலில் ஆறு அலகுகள்: வகைப்பாட்டியல், உள்ளமைப்பியல், செல் உயிரியலும் மரபியலும், உயிர்த் தொழில்நுட்பவியல், செயலியல், மனித நலனில் உயிரியல். விலங்கியலில் ஏழு: உடற்செயலியல், நுண்ணுயிரியல், நோய்த்தடுப்பியல், நவீன மரபியல், சுற்றுச்சூழல் உயிரியல், பயன்பாட்டு உயிரியல், பரிணாமக் கோட்பாடுகள். ஜூனில் பள்ளி திறந்ததும் வகைப்பாட்டியலில் தொடங்குவது வழக்கம். அது நூலின் முதல் அலகு என்பது ஒரு காரணம். அதற்கு வேண்டிய பொருள் பள்ளிச் சுவருக்கு வெளியே கிடைத்தது என்பது இன்னொன்று. மால்வேசிக்குச் செம்பருத்தி, சொலானேசிக்கு ஊமத்தை, யூஃபோர்பியேசிக்கு ஆமணக்கு, மியூசேசிக்கு வாழை என்று அந்நூல் எடுத்துக்கொண்ட நான்கு குடும்பங்களின் மாதிரிச் செடிகளும் வில்லியனூர்த் தோட்டங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் இருப்பவை.

செம்பருத்திப் பூவைப் பிளேடால் நெடுக்காகக் கீறினால், மகரந்தத்தாள்களின் காம்புகள் அனைத்தும் ஒட்டி ஒரே குழலாகிச் சூல்தண்டைச் சுற்றி நிற்பது தெரியும். சூல்பையைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகள். ஊமத்தையில் சூல்பை இரண்டு சூலிலைகளால் ஆனது. ஆனால் நடுவே போலிச் சுவர் வளர்ந்து நான்கு அறை போலக் காட்டும். இதை ஒருமுறை கையால் வெட்டிப் பார்த்த மாணவிக்கு மலர்ச் சூத்திரம் மனப்பாடம் செய்ய வேண்டியதாக இருக்காது. அந்த அலகு நன்றாக நடந்த பள்ளிகளில் நன்றாக நடந்ததற்கு ஆய்வக வசதியைவிட இந்தச் செடிகளே காரணம் என்று சொல்லலாம்.

ஆனால் ஆண்டின் வரிசையைச் செடிகள் தீர்மானிக்கவில்லை, ‘புளூபிரிண்ட்’ தீர்மானித்தது. உயிரியல் தாள் 200 மதிப்பெண். எழுத்துத் தேர்வில் தாவரவியலுக்கு 75, விலங்கியலுக்கு 75, செய்முறைக்கு 50. ஒரு மார்க், மூன்று மார்க், ஐந்து மார்க், பத்து மார்க் வினாக்களில் எந்த அலகிலிருந்து எத்தனை வரும் என்பது முன்கூட்டியே தெரியும். ஆசிரியரின் திட்டம் அந்த அட்டவணையிலிருந்து பின்னோக்கி எழுதப்பட்டது. பத்து மார்க் தரும் பகுதிக்கு மூன்று வாரம், ஒரு மார்க் மட்டுமே தரும் பகுதிக்கு இரண்டு பீரியடு. காலாண்டுக்குள் பாதி, அரையாண்டுக்குள் முழுவதும், ஜனவரியில் திருப்புதல், பிப்ரவரியில் செய்முறை, மார்ச்சில் பொதுத்தேர்வு. தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்த இந்த முறை உதவியது. நூலை நூலாகப் படிக்கும் பழக்கத்தை அது வளர்க்கவில்லை. பின்னிணைப்பு வினாக்களே நூல் என்று ஆகிவிட்டது.

இந்த அட்டவணைக்கு எப்போதும் இடைஞ்சல் தந்தது வடகிழக்குப் பருவமழை. புதுச்சேரியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணையாற்று நீர் வந்து பாகூர் ஏரி நிரம்பும் இந்த மாதங்களில்தான் சம்பா வயல்கள் பச்சை கட்டும். இதே மாதங்களில்தான் பள்ளிக்கு அடிக்கடி விடுமுறை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. திருப்புதல் தொடங்கும் நேரத்தில் பாகூர்ப் பக்கம் மரமும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்தன. அனுபவம் உள்ளவர்கள் கனமான அலகுகளை அக்டோபருக்குள் முடித்து, நவம்பருக்குச் சுற்றுச்சூழல் பாடத்தை வைப்பார்கள். அது தானாகப் படித்தாலும் புரியக்கூடியது. தவிர, வில்லியனூர் கொம்யூனை ஒட்டிய ஊசுட்டேரிக்கு வலசைப் பறவைகள் வந்து சேரும் பருவமும் அதுவே. 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த ஏரி, உணவுச் சங்கிலி முதல் சதுப்பு நிலச் சூழல்வரை அந்தப் பாடத்தின் பெரும்பகுதிக்கு உதாரணமாகும்.

2017-18இல் சென்னை இந்த ஏற்பாட்டைக் கலைத்தது. தனியார் பள்ளிகள் பல பதினொன்றாம் வகுப்பு நூலைத் தொடாமலே இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பு நூலை உருப்போட்டு வந்தன. அதை நிறுத்தப் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. புளூபிரிண்ட் போனது. தாள் 200இலிருந்து 100 மதிப்பெண்ணானது. 2018-19இல் பதினொன்றுக்கும் 2019-20இல் பன்னிரண்டுக்கும் புதிய நூல்கள் வந்தன. அவை தடிமனானவை, வண்ணப் படங்கள் நிறைந்தவை, மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 720 மதிப்பெண் கொண்ட நீட்டில் 360 உயிரியலுக்கு. பதினொன்றாம் வகுப்புப் பாடமும் அதில் சரிபாதி முக்கியம். ஓராண்டுத் திட்டம் என்பது இரண்டாண்டுத் திட்டமாக நீண்டது இங்கேதான். புதிய நூலைச் சரியாக ஒரு சுற்று நடத்திப் பார்ப்பதற்குள் கொரோனா வந்தது. 2021இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 விழுக்காடு என்று கணக்கிட்டு மதிப்பெண் தரப்பட்டது.

2023-24இல் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் ஆறு முதல் ஒன்பது வரையும் பதினொன்றாம் வகுப்பும் சி.பி.எஸ்.இ.க்கு மாறின, அடுத்த ஆண்டு பத்தும் பன்னிரண்டும். நூல் இப்போது என்.சி.இ.ஆர்.டி. வெளியீடு. தாவரவியல், விலங்கியல் என்ற பிரிவு இல்லாமல் உயிரியல் ஒரே நூல். 2022இல் பாடங்கள் குறைக்கப்பட்ட பிறகு பதினொன்றில் 22 இருந்த இடத்தில் 19 இயல்கள், பன்னிரண்டில் 16 இருந்த இடத்தில் 13. தமிழ்நாட்டு நூலோடு வைத்துப் பார்த்தால் மெலிந்தது. ஆனால் தமிழில் கிடையாது. 2023 ஜூனில் அதைத் திறந்த பதினொன்றாம் வகுப்பு, சில வாரம் முன்புதான் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்து வந்த வகுப்பு. அதில் தமிழ்வழியில் படித்தவர்களும் இருந்தார்கள். பக்கம் குறைந்ததால் மிஞ்சிய நேரத்தை ஆங்கில வாசிப்பு விழுங்கியது. ஒரு பத்தியை வாசித்து, தமிழில் விளக்கி, மறுபடி ஆங்கிலத்தில் வாசிக்கும் வகுப்பில் 19 இயல்கள் 30க்குச் சமம். மாற்றத்தை ஆறாம் வகுப்பில் மட்டும் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலே கொண்டுபோயிருந்தால் இந்த அணிகளின் சுமை பாதியாகியிருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. இனப்பெருக்கத்துக்கு மூன்று இயல், 16 மதிப்பெண். மரபியலும் பரிணாமமும் மூன்று இயல், 20. மனித நலன் இரண்டு இயல், 12. உயிர்த் தொழில்நுட்பவியல் இரண்டு இயல், 12. சூழலியல் மூன்று இயல், 10. இதில் ஆண்டின் வரிசையை முடிவு செய்வது மரபியல் அலகு. டி.என்.ஏ. இரட்டிப்பாதல், படியெடுத்தல், புரதம் உருவாதல் ஆகியவற்றைச் சொல்லும் மூலக்கூறு மரபியல் இயல், நூலிலேயே மிகக் கடினமானது. அதை மழைக்காலத்துக்குத் தள்ளினால் விடுமுறைகளுக்கு நடுவே அறுபட்டுப் போகும். பழைய திட்டத்தின் தந்திரம் புதிய நூலுக்கும் பொருந்துகிறது: மரபியலைச் செப்டம்பருக்குள் முடித்து, நூலின் கடைசியில் நிற்கும் சூழலியலை நவம்பருக்கு விடுவது. நுண்ணுயிர்கள் இயலில் வரும் நீலப்பச்சைப் பாசியைக் காட்ட, குரும்பாபேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்தில் இருக்கிறது. பதினொன்றின் செய்முறையில் பூக்களுக்கு இப்போது சொலானேசி ஒன்றே போதும். வாழையும் ஆமணக்கும் பாடத்திலிருந்து போய்விட்டன, ஊமத்தை தங்கிவிட்டது.

முதல் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பின் ஆண்டையும் மழை விட்டுவைக்கவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்றது. 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் மழை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பகுதிக்குள்ளும், சங்கராபரணியின் வெள்ளம் வில்லியனூர் பகுதிக்குள்ளும் புகுந்தது. பள்ளிகள் பல நாள் திறக்கவில்லை. பழைய அட்டவணையில் மார்ச் வரை அவகாசம் இருந்தது, சி.பி.எஸ்.இ. தேர்வுகள் 2025 பிப்ரவரி 15 அன்றே தொடங்கின. செய்முறைத் தேர்வு அதற்கும் முன்னால். டிசம்பரில் இழந்த நாட்களை ஈடுகட்ட ஜனவரி மட்டுமே மிச்சம். சூழலியலை மட்டும் நவம்பருக்கு மிச்சம் வைத்திருந்த வகுப்புகளுக்கு இழப்பு 10 மதிப்பெண் பகுதியோடு நின்றது. நூலின் வரிசைப்படியே போய், நவம்பரில் உயிர்த் தொழில்நுட்பவியலைத் தொட்டிருந்த வகுப்புகளுக்கு அந்த 12ம் சேர்ந்து ஆடியது.

இதே காலத்தில் படிப்பின் பலனும் கூடியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 10 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2023 முதல் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தது, தமிழ்நாட்டில் 7.5 விழுக்காடு 2020இலேயே வந்திருந்தது. ஒதுக்கீட்டில் இடம்பெற நீட் எழுத வேண்டும். நீட்டுக்குப் பதினொன்றின் 19 இயல்களும் பன்னிரண்டின் 13 இயல்களும் சேர்ந்து 32. அதனால் இன்றைய ஆண்டுத் திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு நடுவே பதினொன்றின் நூலை மறுபடி திறக்கும் நாட்களும் ஒதுக்கப்பட வேண்டியிருக்கின்றன. காலாண்டு விடுமுறையும் சனிக்கிழமைகளும் பெரும்பாலும் அதற்கே போகின்றன.