தேய்ந்த பல்லுக்கு எது நிலைக்கும்: பெங்களூரில் பல் அடைப்பின் கதை

விக்டோரியா மருத்துவமனையை ஒட்டி 1958இல் பெங்களூர் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது, பல் அடைப்பு என்றாலே பாதரசக் கலவைதான். வெள்ளி, தகரம், செம்புத் தூளைப் பாதரசத்தோடு பிசைந்து குழியில் அழுத்துவார்கள். 1826இல் பாரிஸில் தவோ என்பவர் கையாண்ட வெள்ளி-பாதரசப் பசை அதன் முன்னோடி. 1890களில் அமெரிக்கரான ஜி.வி. பிளாக் அதன் விகிதத்தைச் சீராக்கினார். சொத்தைப் பல்லில் பத்தாண்டுக்கு மேலும் அது தாக்குப்பிடித்தது. தேய்ந்த பல்லுக்கோ அது ஆகவில்லை.

பாதரசக் கலவை பல்லோடு ஒட்டாது. உள்ளே அகன்று மேலே குறுகிய குழிதான் அதைப் பிடித்து வைக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் கனமாவது வேண்டும். தட்டையாகத் தேய்ந்த பல்லில் அதற்கு இடம் ஏது? மிஞ்சியதையும் செதுக்கித் தங்க உறை போடுவது வசதி உள்ளவர்களுக்கே வாய்த்தது. மற்றவர்கள் கூச்சத்தைப் பொறுத்துக்கொண்டார்கள், அல்லது பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

பெங்களூரைச் சுற்றிய பழைய மைசூர் வட்டாரத்தில் தேய்மானத்துக்குக் காரணங்கள் குறைவில்லை. உமிக்கரி, செங்கல்தூள், சாம்பல் கொண்டு அழுத்தித் தேய்க்கும் பழக்கம் ஈறோரத்தில் எனாமலை அரித்தது. திருகையில் அரைத்த ராகி மாவின் கல்துகள் கடிக்கும் பரப்பைத் தேய்த்தது. கோலார்ப் பக்கம் ஃப்ளூரைடு மிகுந்த கிணற்று நீரில் வளர்ந்தவர்களின் எனாமல், பாதிப்பு கடுமையானால், நுண்துளைகளோடு உருவாகிச் சில்லுசில்லாகப் பெயர்ந்தது.

ஒட்டும் பொருள்கள் வந்த பிறகே நிலைமை மாறியது. எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் பற்றும் என்று 1955இல் பல் ஆய்வாளர் புவோனோகோர் காட்டினார். 1962இல் மற்றொரு ஆய்வாளர் போவன், பிசினில் துகள்கள் கலந்த அடைப்புப் பொருளான காம்போசிட்டின் அடிப்படைப் பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். 1972இல் இங்கிலாந்தில் வில்சனும் கென்ட்டும் அறிவித்த கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்ட் ஈறோரப் பள்ளங்களுக்குப் பொருந்தியது. கடிக்கும் பரப்பில் அது விரைவில் தேய்ந்தது. தொடக்கக் கால காம்போசிட்டும் அப்படியே. நிரப்புத் துகள்கள் நுண்ணியவை ஆன பிறகே அது கடைவாய்ப் பல்லில் நின்றது.

அப்போதும் நிலைப்பது பொருளை மட்டும் பொறுத்ததல்ல. பல்லைத் தேய்த்த விசையே அடைப்பையும் தாக்குகிறது. தேய்ந்த கடைவாய்ப் பற்களில் வைத்த காம்போசிட்டில் ஏறக்குறைய பாதி மூன்று ஆண்டுக்குள் உடைந்தது அல்லது விழுந்தது என லண்டனில் நடந்து 2006இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு கண்டது. பல்லின் ஓரத்தில் எனாமல் வளையம் மிஞ்சியிருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். எனாமலுக்கு அடியிலுள்ள தந்தினி கெட்டித்துப் பளபளத்து, அது மட்டும் இருந்தால் பிடிப்பு தளரும்.

செராமிக் உறை கூடுதல் காலம் உழைக்கும். ஆனால் மெருகு போன செராமிக் எதிர்ப்பல்லைத் தேய்க்கும். உடைந்தால் பெரும்பாலும் முழுதாகக் கழற்றி மாற்றவேண்டும். காம்போசிட்டில் உடைந்த இடத்தை மட்டும் வாயிலேயே ஒட்டுப்போடலாம். இளம் வயதில் தேய்மானத்தோடு வருபவருக்கு இந்த வசதியே பெரிது. எத்தனை ஆண்டு உழைத்தது என்ற கணக்கை மட்டும் பார்ப்பது போதாது.

பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. பாதரசக் கலவை பின்னுக்குப் போக, ஒட்டும் பொருள்கள் முன்னுக்கு வந்தன. பல்லைத் தேய்த்த விசை அடைப்பையும் உடைக்காதிருக்க, இரவில் பல் கடிப்பவர்களுக்கு அடைப்பு முடிந்ததும் அளவெடுத்து அக்ரிலிக் கவசமும் செய்து தருகிறார்கள்.