ஆட்டிசத் துப்பறிவாளர் (சிறார் புதினம்)

ஆட்டிசம் உள்ள சிறுவனோ சிறுமியோ புதிரை அவிழ்க்கும் மர்மப் புதினப் பாத்திர வகை. ‘மதியிறுக்கம்’ என்ற தமிழாக்கம் மதியில் குறை இருப்பதுபோல் ஒலிப்பதால் இங்கு ஆட்டிசம் என்றே வழங்கப்படுகிறது.

ஆட்டிசம் என்ற சொல்லை சுவிட்சர்லாந்தின் ஒய்கன் புளூலர் 1911-இல் மனச்சிதைவு நோயின் ஒரு கூறுக்குப் பயன்படுத்தினார். குழந்தைகளிடம் காணும் தனி நிலையாக அதை 1943-இல் லியோ கானர் விவரித்தார். மறு ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், ஒரே துறையில் ஆழ்ந்து பேராசிரியர்போல் பேசும் சிறுவர்களைப் பற்றி எழுதினார். கதைத் துப்பறிவாளர்கள் பெரும்பாலும் இந்தச் சிறுவர்களின் வாரிசுகளே. 2013-இல் அமெரிக்க உளமருத்துவக் கையேடு ஆஸ்பெர்கர் பிரிவை நீக்கி, எல்லாவற்றையும் ஆட்டிச நிறமாலைக்குள் அடக்கியது.

மார்க் ஹாடனின் நாய்க்கொலைப் புதினம் (2003) பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் தனித்தனிப் பதிப்பாக வந்தது. அதன் நாயகன் கிறிஸ்டோபருக்கு வயது 15. அத்தியாயங்களுக்குப் பகா எண்களே இடுகிறான். முழுக்கச் சிறார் நூலாக எழுதப்பட்டது ஷிவோன் டவுடின் ‘தி லண்டன் ஐ மிஸ்டரி’ (2007). ‘லண்டன் ஐ’ ராட்டினத்தில் 11.32-க்கு ஏறிய சிறுவன் சலீம், பெட்டி 12.02-க்குக் கீழே வந்தபோது அதில் இல்லை. சலீமுடைய தாயின் சகோதரி மகனான, வானிலைப் பித்துள்ள டெட், கேட் என்ற தன் அக்காவுடன் சேர்ந்து, நடந்திருக்கக்கூடியவற்றை எண்ணிட்டுப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகக் கழிக்கிறான். அவன் நிலைக்கு நூல் பெயர் சூட்டவில்லை. ஆயினும் அது ஆட்டிசமாகவே வாசிக்கப்படுகிறது. டவுட் அதே ஆண்டு காலமானார். அவர் விட்டுச்சென்ற தலைப்பைக் கொண்டு ராபின் ஸ்டீவன்ஸ் 2017-இல் தொடர்ச்சியை எழுதினார்.

தமிழுக்கு வந்தால், கொங்கு நாட்டில் குழந்தை உளவியலையும் சிறார் சாகசக் கதையையும் ஒருங்கே கையாண்டவர் ஈரோட்டை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெ. தூரன் (1908–1987). பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தார். பின்பு தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கும், அதையடுத்துக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கும் முதன்மைப் பதிப்பாசிரியர். ‘குழந்தை உள்ளம்’, ‘தாழ்வு மனப்பான்மை’ ஆகியவற்றை எழுதிய கையே ‘மாயக்கள்ளன்’, ‘கொல்லிமலைக் குள்ளன்’ கதைகளையும் எழுதியது. உளவியலும் சாகசமும் ஒரே பாத்திரத்தில் கூடவில்லை என்பது தமிழுக்கு இழப்பு. கோவையின் ராஜேஷ்குமார் நூற்றுக்கணக்கில் எழுதிய துப்பறியும் நாவல்கள் பெரியவர்களுக்கானவை.

அண்மைக் காலத்தில் யெஸ். பாலபாரதி ஆட்டிசம் பற்றி ‘துலக்கம்’ நாவலை எழுதினார். சிறார் நூலான ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ அவருக்கு 2020-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றுத் தந்தது.